ஊரிலிருந்து சென்னை ப்ரைடுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மே மாதம் பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள்: "இந்த வருஷம் ப்ரைடுக்கு வரணும்னு இருக்கு, ஆனா எப்படி, எங்க, யார்கூட?" நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். முதல் தடவை போனபோது எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லாமல், பேரணி கிளம்பும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு அந்த நிலை வேண்டாம். சென்னையிலேயே இருப்பவர்கள் முதல் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

ப்ரைடு என்பது ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்களும் திருநங்கைகள் முதலானவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் வருடா வருடம் சேர்ந்து நடக்கும் பேரணி. சென்னையில் அதன் முழுப் பெயர் சென்னை வானவில் சுயமரியாதைப் பேரணி. ப்ரைடு என்றால் அகராதியில் பெருமை என்றுதான் இருக்கும், ஆனால் இங்கே சுயமரியாதை என்று வைத்தார்கள். 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் பெயர் ஊறிக்கிடக்கும் ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கும் சித்தப்பாவிடம், பெருமை வேண்டாம் மரியாதை போதும் என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. முதல் பேரணி 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் நடந்தது. அது முடிந்து நாலே நாளில், ஜூலை 2 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377வது சட்டப்பிரிவைப் பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது, 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் மறுபடி நேராக்கியது. இத்தனை இழுபறிக்கும் நடுவில் வருடா வருடம் ஆட்கள் நடந்திருக்கிறார்கள்.

1. தேதியும் டிக்கெட்டும்

பேரணி வழக்கமாக ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில். 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீஸ் சோதனைக்கு எதிராக எழுந்த கலகத்தை ஒட்டித்தான் உலகத்தில் பல ஊர்களில் ஜூனில் நடத்துகிறார்கள். கடந்த சில ஆண்டுகளாக எழும்பூரில், ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம்தான் கூடுகிறோம். ஆனாலும் அந்தந்த வருடத்து அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஓரினம் இணையதளத்தைப் பாருங்கள், ஜூன் மாதம் முழுக்க நடக்கும் மற்ற கூட்டங்களின் விவரமும் கிடைக்கும்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, ஆக ஏப்ரல் கடைசியிலேயே விழித்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு ஏறினால் சனி காலை சென்னை. டிக்கெட் எழும்பூர் வரைக்குமா தாம்பரம் வரைக்குமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து எழும்பூர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயில் மேல்.

2. போனைச் சரிசெய்யுங்கள்

வீட்டுக்குத் தெரிந்தே வருகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், கொடுத்துவைத்தவர்கள். தெரியாமல் வருகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஏனென்றால் ஆட்கள் மாட்டிக்கொள்வது பேரணியில் இல்லை, போனில்.

டிக்கெட் போடும் கணக்கு அப்பா நம்பரில் இருந்தால் பயணக் குறுஞ்செய்தி அங்கேதான் போகும், அதனால் சொந்த நம்பரில் தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். எடுக்கிற போட்டோ தானாகப் போய்க் குடும்பத்துக்குப் பொதுவான ஆல்பத்தில் விழும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாரையும் மறைத்தான், அத்தை மகளை மட்டும் மறந்துவிட்டான், அவ்வளவுதான், அவன் ஊர் வந்து சேருவதற்குள் விஷயம் வந்து சேர்ந்துவிட்டது. ஸ்டேட்டஸ் போடாவிட்டால் குடி முழுகிவிடாது, ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

இன்னொன்று, வீட்டில் சொல்லும் காரணத்தை முழுப் பொய்யாக வைக்காதீர்கள். மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்பது உண்மைதானே? மியூசியம், மெரினா, மயிலாப்பூர் என்று காட்ட நாலு படமும் கையில் இருக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உண்மையாகத் தெரிந்த ஒரே ஒரு ஆளாவது இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

3. தங்குமிடம்

எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் சந்தில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. பேரணி எழும்பூரில் என்றால் அங்கிருந்து ஆட்டோவுக்கு அதிகம் ஆகாது. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ அறை எடுப்பதை நம் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நமக்கு வாய்த்த சில சௌகரியங்களில் இதுவும் ஒன்று. சிக்கல் திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்) நண்பர்களுக்குத்தான். ஒரு வருடம் எங்கள் கூட வந்த திருநம்பி ஒருவரின் ஆதாரில் பழைய பெயரும் பழைய படமும் இருந்ததால், முன்பணம் கட்டியிருந்தும் ஒரு லாட்ஜில் அறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பையோடு தெருவில் நின்றோம். 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படி மறுக்கக் கூடாதுதான், ஆனால் அந்த நேரத்தில் சட்டம் பேசி அறை வாங்கும் தெம்பு எல்லாருக்கும் இருக்காது. முதலிலேயே போன் செய்து ஆதார் விவரத்தைச் சொல்லி, சரி என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பை

காட்டன் உடை இரண்டு, தண்ணீர் பாட்டில், ஓஆர்எஸ் பாக்கெட், குடை. கத்திரி முடிந்திருக்கும், வெயில் முடிந்திருக்காது, கூடவே கடற்கரை ஊரின் கசகசப்பு. சாயங்காலம் திடீரென்று மழையும் கொட்டும். கண் மை தண்ணீருக்குக் கரையாததாக இருக்கட்டும், இது அனுபவம். செருப்பு புதிதாக வேண்டாம். தேங்காய் எண்ணெய் சின்னப் பாட்டில் ஒன்று, எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

5. சனிக்கிழமை

குளித்துவிட்டு எழும்பூரிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி பார்க் போய், பக்கத்திலேயே இருக்கும் பார்க் டவுன் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறுங்கள். அங்கிருந்து திருமயிலை வரைக்கும் சில ரூபாய்தான், மேலேயிருந்து பாதி ஊரைப் பார்த்துவிடலாம். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில், குளக்கரை, காளத்தி கடை ரோஸ் மில்க். அங்கிருந்து சாந்தோம் நடக்கும் தூரம். டவுன் பஸ் வேண்டுமென்றால், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 2021இலிருந்து கட்டணம் கிடையாது.

மதியம் தூங்குங்கள். வெயில் சாய்ந்ததும் மெரினா. கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்க்கலாம் (திங்களன்று மூடியிருக்கும்). அப்புறம் உழைப்பாளர் சிலை வரைக்கும் மணலோரமாக நடங்கள். நாலு பேர் பாறையை நெம்பும் அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1959இல் திறந்தார்கள். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையோரம்தான். 2009இல் நம் ஆட்கள் கொடியோடு நடந்ததும் இங்கேதான் என்று நினைத்துக்கொண்டு சுண்டல் சாப்பிட்டால் சுண்டலுக்கே தனி ருசி. கடலில் மட்டும் இறங்காதீர்கள், இழுவை பொல்லாதது. ராத்திரிக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி, சாம்பாரைத் தட்டு நிறைய ஊற்றுவார்கள், கரண்டியால்தான் சாப்பிட வேண்டும்.

6. ஞாயிறு காலை: மியூசியத்தை விடாதீர்கள்

ஊர் சுற்ற ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். 1851இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு நேராக வெண்கலக் கூடத்துக்கு வாருங்கள், அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரி நிற்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. ஒரு பக்கம் இடுப்பு வளைவும் மார்பும், இன்னொரு பக்கம் அகன்ற தோள், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லும் மாமாக்களைக் கூட்டிவந்து நிறுத்த வேண்டிய இடம். ஆனால் சிலையைக் கும்பிட்ட ஊர்தான் ஆளைத் துரத்தியது என்பதும் அங்கே நிற்கும்போது ஞாபகம் வரும், அதனால் நான் இதை ஒரு சான்றிதழாகத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், உடம்பை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. பேரணி

மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். கூட்டம் சேரச்சேரப் பயம் கூடும், முன்னாலேயே போனால் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பேச்சுக் கொடுக்க எளிது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நீங்கள் யார், என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள், தன்பாலீர்ப்பாளரா, இருபாலீர்ப்பாளரா, தம்பிக்காக வந்த அக்காவா, எதுவானாலும் கொடியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

முகம் தெரியக் கூடாது என்றால் முகமூடியோ மாஸ்க்கோ போட்டுக்கொள்ளுங்கள், அப்படி நடப்பவர்கள் உண்டு, கோழை என்று யாரும் நினைப்பதில்லை. பத்திரிகை, டிவி கேமரா கண்டிப்பாக இருக்கும். பெரும்பாலும் முன்வரிசையையும் அலங்காரம் அதிகமுள்ளவர்களையும்தான் எடுப்பார்கள், நடுவில் நடங்கள். மைக் நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நகரலாம். நீங்களும் அதே போல அடுத்தவர் முகம் விழும்படி எடுப்பதற்கு முன் கேளுங்கள், கூட்டத்தோடு எடுத்த செல்ஃபியில் பின்னால் நிற்பவர் யாரோ ஒரு ஊரில் வாத்தியாராக இருப்பார்.

போலீஸைப் பார்த்துப் பதற வேண்டாம், அனுமதி வாங்கித்தான் நடக்கிறது, போக்குவரத்தை ஒதுக்கிவிட வந்திருப்பார்கள். பறை அடிக்க ஆரம்பித்ததும் கால் தானாக ஆடும். ஆடத் தெரியாதவர்களும் ஆடுவார்கள். பஸ் ஜன்னலிலிருந்து சிலர் முறைப்பார்கள், சிலர் கையசைப்பார்கள், ஒரு வருடம் பூக்கார அம்மா ஒருவர் என்ன ஊர்வலம் என்று கேட்டுவிட்டு என் தலையைப் பார்த்து, முடி மட்டும் இருந்தால் ஒரு முழம் வைத்துவிட்டிருப்பேன் என்றார்.

அப்படி யாராவது கேட்டால் என்ன சொல் சொல்வது? தமிழில் நமக்கு இப்போது அரசே வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், 2021இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக வந்ததுதான் அந்தப் பட்டியல். பால்புதுமையர் (குயர்), தன்பாலீர்ப்பு, திருநர் எல்லாம் அதில் இருக்கின்றன. பழைய வசவுகளுக்குப் பதிலாக இவற்றைச் சொல்லிப் பழகுங்கள், கேட்கிறவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

தனியாக வந்தவர்கள் ஒன்று செய்யுங்கள். முடிந்ததும் ஓடிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் ஓரமாக நில்லுங்கள். எனக்கு இன்று இருக்கும் நண்பர்களில் பாதிப் பேர் அந்தக் கால் மணி நேரத்தில் கிடைத்தவர்கள். ஆனால் அன்றைக்கே அறிமுகமான ஒருவரோடு தனி இடத்துக்குப் போவதாக இருந்தால், உங்கள் இருப்பிடம் தெரிந்த அந்த ஒரு ஆளுக்குச் செய்தி போட்டுவிட்டுப் போங்கள்.

8. திரும்புதல்

அன்றிரவே வண்டி என்றால் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் கூட்டத்திலிருந்து கழன்றுகொள்ளுங்கள், பை எடுக்கவும் முகம் கழுவவும் அது சரியாக இருக்கும். இப்போது தேங்காய் எண்ணெய். முகத்தில் ஒட்டிய ஜிகினா சோப்புக்குப் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கழுத்துக்குப் பரவும். பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். நகச்சாயத்துக்கு ரிமூவர் தனியாக வேண்டும்.

காலையில் ஊர் வருவதற்குள் ஒரு முறை கண்ணாடியில் காதுக்குப் பின்னால் பாருங்கள். அந்த முதல் வருடம் நான் பார்க்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே அம்மா விரலால் ஏதோ ஒன்றை ஒற்றி எடுத்து, "மெட்ராஸ்ல என்ன திருவிழாவால?" என்று கேட்டாள். ஆமா என்றேன்.