முதல் குளிர்காலத்தில் ஏறும் எடை: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறன்ரோவில் வந்து இறங்கி ஆறேழு மாதத்துக்குள் பலருக்கு உடம்பு வைத்துவிடுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த காற்சட்டை இடுப்பில் இறுகுகிறது. வீடியோ அழைப்பில் அம்மா, "பிள்ளை இப்பதான் வடிவாயிருக்கு" என்று மகிழ்கிறார். பிறந்தநாள் விழாவில் கண்ட மாமி அதையே வேறு குரலில் சொல்கிறார். அன்றிரவே, திங்கட்கிழமையிலிருந்து சோறு இல்லை என்று ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அந்த வெள்ளிக்கிழமையே ஒரு கொத்துரொட்டிப் பெட்டியோடு அந்த முடிவு கலைந்தும் போகிறது.

சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்ட், குளிருக்கான சப்பாத்து என்று எல்லாவற்றுக்கும் இங்கே வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. நான் சொல்ல விரும்புவது இதுதான்: எடையைக் குறைக்க நினைத்தால் உடனே சோற்றில் கை வைக்காதீர்கள். முதலில், பின்னேரம் நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இருட்டும் தனி அறையும்

ஊரில் ஆண்டு முழுக்கப் பொழுது சாய்வது ஆறு, ஆறரை மணிக்கு. ரொறன்ரோவில் நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். டிசம்பரில் மாலை 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். காலை ஆறு மணிக்கு வேலைக்கு இறங்கியவர் வெளிச்சத்தைப் பார்க்காமலே பேஸ்மென்ட் அறைக்குத் திரும்புவார். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். இடைவேளையில் ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு டபுள் டபுள், அதாவது இரண்டு கிரீமும் இரண்டு சீனியும் போட்ட கோப்பி, கூடவே ஒரு டோனட். அதோடு எட்டு மணி நேரம் நின்ற வேலை. வீட்டுக்கு வந்து ஜக்கெற்றைக் கழற்றும் முன்பே கை மிக்சர்ப் பையைத் தேடுகிறது. போனைப் பார்த்தபடியே பை காலியாகிறது. அப்புறம் சோறு, அதன் பிறகு ஏதாவது இனிப்பு.

இதைப் பேராசை என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு, யாருமில்லாத அறை, குறைந்த நித்திரை என்று மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் யாருடைய கையும் அந்தப் பைக்குத்தான் போகும். நித்திரையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விடப்பட்டார்கள். பசியை அடக்கும் லெப்டின் சுரப்பு 18 வீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 வீதம் கூடியது. இனிப்பும் மாச்சத்தும் உப்புத் தீனியும்தான் அவர்களுக்கு அதிகம் வேண்டியிருந்தன. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் துண்டு துண்டாக நித்திரை கொள்பவர்களுக்கு இது புரியும்.

வயிற்றுப் பசி மெல்ல மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் அடங்கும். மனப் பசி திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும், வயிறு நிறைந்த பிறகும் நிற்காது. எது என்று தெரியாவிட்டால், "பருப்பும் சோறும் மட்டும்தான் இருக்கிறது என்றால் இப்போது சாப்பிடுவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் உண்மையான பசி, உடனே சாப்பிடுங்கள். இல்லை, றோல்ஸ்தான் வேண்டும் என்றால், பசிப்பது வேறு எங்கேயோ. பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பகலில் சாப்பிடுங்கள்

பின்னேரப் பிரச்சினையின் பாதி காலையிலேயே தீரும். முதல் நாள் இரவே அவித்த புட்டும் கடலைக் கறியும் ஒரு பெட்டியில் வேலைக்குப் போகட்டும். குரக்கன் மாவோ சிவப்பரிசி மாவோ என்றால் வயிறு நீண்ட நேரம் தாங்கும். வேலை முடிந்து பஸ் ஏறும் முன், ஒரு அவித்த முட்டையோ ஒரு கை அவித்த கடலையோ, கூட ஒரு தோடம்பழமோ சாப்பிடுங்கள். எடை குறைக்க நினைப்பவருக்கு இது கூடுதல் சாப்பாடு போலத் தோன்றும். ஆனால் அரை வயிறோடு கதவைத் திறப்பவருக்கும் வெறும் வயிறோடு திறப்பவருக்கும் அடுத்த இரண்டு மணி நேரம் ஒரே மாதிரிப் போகாது.

வீட்டுக்குள் வந்த முதல் அரை மணி நேரத்தையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். உடுப்போடு கட்டிலில் சாய்ந்தால் எழும்ப மாட்டீர்கள். சுடுதண்ணீரில் குளித்து, ஒரு இஞ்சித் தேத்தண்ணி போட்டு, யாரோடாவது கதையுங்கள்.

அந்த நேரத்தில் ஊருக்கு எடுக்க முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். குளிர்காலத்தில் இலங்கை ரொறன்ரோவைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே மாலை ஐந்து என்றால் அங்கே அதிகாலை மூன்றரை. மனம் வீட்டைத் தேடும் நேரத்தில் வீடு நித்திரையில் இருக்கிறது, அந்த வெற்றிடத்தில்தான் மிக்சர்ப் பை வந்து உட்காருகிறது. ஆகவே ஊர் அழைப்பைக் காலைக்கு மாற்றுங்கள். இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே பின்னேரம் நான்கரை. அம்மாவும் தேத்தண்ணி குடிக்கும் நேரம், பஸ்ஸுக்கு நடந்தபடியே கதைக்கலாம். மாலைக்கு இங்கேயே ஒருவரைப் பிடியுங்கள்: உங்களைப் போலவே தனி அறைக்குத் திரும்பும் வேலைத்தோழர், பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் மச்சான், லண்டனில் இருக்கும் சிநேகிதி. லண்டனில் அப்போது இரவு பத்து மணி, முழித்துத்தான் இருப்பாள். கதைக்க விருப்பமில்லாத நாளில் நூலகத்துக்குப் போங்கள். ரொறன்ரோ பொது நூலக அட்டை நகரில் வசிப்பவர்களுக்கு இலவசம், வெளிச்சமும் சூடும் ஆட்களும் இருக்கும் இடம்.

கொத்துரொட்டியை விலக்க வேண்டாம்

தடை போட்டால் அது ஒரு நாள் உடையும், உடைந்த அன்று இரட்டிப்பாகச் சாப்பிடுவோம். உளவியலாளர் பீற்றர் ஹேர்மன் 1975இல் டெபோரா மக்குடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். உணவைக் கட்டுப்படுத்தாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 'இன்றைய நாள் எப்படியும் கெட்டுப்போயிற்று' என்ற எண்ணம் செய்யும் வேலை இது. ஹேர்மன் பிறகு இதே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜனற் பொலிவியோடு சேர்ந்து பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்.

எனவே கொத்துரொட்டிக்கு ஒரு நாள் கொடுங்கள். வெள்ளிக்கிழமை, இன்னொருவரோடு, பெட்டியிலிருந்து கோப்பைக்குப் போட்டு, போனை ஓரமாக வைத்துச் சாப்பிடுங்கள். ஸ்காபரோ கடைகள் கட்டித் தரும் ஒரு பெட்டி பெரும்பாலும் இரண்டு பேருக்குப் போதும். மிக்சர், முறுக்கு எல்லாம் சின்னப் பையாக வாங்குங்கள். மலிவு என்று பெரிய பை வாங்கினால் அது அறையில் இருக்கும், இருந்தால் கை போகும்.

சோற்றுக்கும் இதே கதைதான். கனடாவின் 2019 உணவு வழிகாட்டி கோப்பையில் பாதி மரக்கறியும் பழமும், கால்பங்கு புரதம், கால்பங்கு முழுத்தானியம் என்கிறது. அது தமிழிலும் கிடைக்கிறது. நம் கோப்பையில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி மரக்கறி. ஒரே நாளில் இதைத் தலைகீழாக்க வேண்டாம். முதலில் கோவா வறையையோ கீரையையோ போடுங்கள், அப்புறம் பருப்பும் மீனும், மிஞ்சிய இடத்தில் சோறு. குளிர்காலத்தில் கீரை விலை ஏறும்போது உறைய வைத்த கீரையும் போஞ்சியும் நல்ல வழி. தேத்தண்ணியில் சீனியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

ஒரு நாள் தவறினால்

ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். லண்டனில் பிலிப்பா லல்லி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் பாதிக்கவில்லை என்பது. வெள்ளிக்கிழமை அதிகமாகச் சாப்பிட்டீர்களா, சரி, சனிக்கிழமை காலைச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து கணக்குத் தீர்க்கப் போனால் மாலையில் மறுபடி அதே சுழல்.

இலக்கும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 வீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற பயிற்சியும்தான் இலக்கு. அந்த இலக்கோடு பழக்கத்தை மாற்றிய குழுவில், போலி மாத்திரை எடுத்த குழுவைவிட நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்றால் ஐந்தரைக் கிலோ சொச்சம்தான். நமக்கு இது முக்கியம், ஏனென்றால் தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. எடைத்தராசை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், கூடவே இடுப்பை ஒரு நாடாவால் அளந்து வையுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது கவனிக்க வேண்டிய எல்லை.

நடக்க வெளியே போக முடியாத குளிரில் ஸ்காபரோ ரவுண் சென்ரர் போன்ற பெரிய மோலுக்குள் நடங்கள். நகரச் சமூக நிலையங்கள் சிலவற்றில் வகுப்புகள் இலவசம். மற்ற நிலையங்களுக்கு, வருமானம் குறைந்தவர்கள் 'வெல்கம் பாலிசி' என்ற கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

விழா வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று வற்புறுத்தினால், "நல்லாச் சாப்பிட்டன் அன்ரி, கொஞ்சம் கட்டித் தாங்கோ, நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோறன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மனம் நிறையும், உங்களுக்கு மதியச் சாப்பாடும் ஆயிற்று. இங்கே பல காலம் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிதாக வந்த பிள்ளையின் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எப்போது உதவி கேட்பது

சாப்பிடத் தொடங்கினால் நிறுத்தவே முடியவில்லை, ஒளித்துச் சாப்பிடுகிறேன், பிறகு வெட்கத்தில் அழுகிறேன் என்ற நிலை வாரத்துக்கு ஒரு முறையாவது மாதக்கணக்கில் தொடர்ந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதற்குப் பெயரும் சிகிச்சையும் உண்டு. குளிர்காலம் முழுக்க மனம் இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும் அப்படியே. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது.

ஒன்ராறியோவில் 811 எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துத் தாதியோடு கதைக்கலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் 988 எண்ணுக்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர்கள் ஹெல்த் கார்டுக்கு விண்ணப்பித்ததும் குடும்ப மருத்துவரைத் தேடத் தொடங்கி, முதல் சந்திப்பிலேயே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஏ1சி பரிசோதனையைக் கேளுங்கள். ஹெல்த் கார்ட் இன்னும் இல்லாதவர்களையும் சமூக சுகாதார நிலையங்கள் பல பார்க்கின்றன, உணவியலாளர்களும் அங்கே உண்டு. சர்வதேச மாணவர்களுக்குக் காப்புறுதி கல்வி நிறுவனத்தின் வழியாகத்தான் வரும். அதில் மனநல ஆலோசனைக்கு எவ்வளவு இருக்கிறது, கல்லூரியிலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்பதை, நவம்பர் இருட்டு வரும் முன், செப்டம்பரிலேயே கேட்டு வையுங்கள்.