மின்சாரக் காரில் ஏசி காற்று குறைந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏசியில் காற்று சரியாக வரவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பெரும்பாலும் ‘கேஸ் குறைந்திருக்கும், ஏற்றிவிடலாம்’ என்ற பதில்தான் முதலில் வருகிறது. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காற்று குறைவது வேறு, குளிர்ச்சி குறைவது வேறு. காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் புளோயர். பெரும்பாலான மின்சாரக் கார்களில் அது பெட்ரோல் காரில் இருப்பதைப் போலவே 12 வோல்ட்டில் ஓடுகிறது. குளிர்விப்பதற்கான கம்ப்ரசரோ பல கார்களில் 300, 400 வோல்ட் அளவிலான மின்சாரத்தில் இயங்குகிறது. காற்று வேகமாக வந்தும் குளிரவில்லை என்றால் கேஸையும் கம்ப்ரசரையும் சந்தேகிக்கலாம். குளிர்ந்த காற்றே மெலிதாக வருகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது காற்று வரும் பாதையை.

என் காரிலும் கடந்த சித்திரையில் இதுதான் நடந்தது. கேஸ் ஏற்றக் கொடுத்த பணம் வீணான பிறகுதான் குளோவ் பாக்ஸைக் கழற்றி, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை உருவிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்புகளில் சாம்பல் நிறத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அதன்மேல் காய்ந்த வேப்பம்பூ ஒரு கைப்பிடி, இரண்டு பல்லி முட்டை ஓடுகள். மர நிழலில் காரை நிறுத்துபவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் சல்லடைப் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்காற்றைச் சுழற்றும்போது நன்றாக வரும் காற்று வெளிக்காற்றுக்கு மாற்றியதும் குறைந்தால், அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புளோயரை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. காற்று சட்டென்று கூடினால் காரணம் ஃபில்டர்தான். ஆனால் ‘இப்படியே நன்றாக இருக்கிறதே’ என்று ஃபில்டர் இல்லாமலே ஓட்டத் தொடங்கினால், அடுத்து அடைபடுவது காற்றைக் குளிரவைக்கும் ‘கூலிங் காயில்’. அதைச் சுத்தம் செய்யச் சில கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுவதும் சிக்கனம் அல்ல. தூசியைப் பிடிக்கும் தன்மை போய்விடும், ஈரம் தங்கி நாற்றமும் வரும். புதியதை மாட்டும்போது அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரக் காரில் ஒரு வசதி உண்டு. இன்ஜின் இரைச்சல் இல்லாததால் புளோயரின் சத்தம் தெளிவாகக் கேட்கும். சத்தம் வழக்கம்போல் இருந்து காற்று மட்டும் குறைந்திருந்தால் பாதையில் அடைப்பு. சத்தமே தணிந்திருந்தால் புளோயர் மோட்டார் அல்லது அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். அதற்கு முன், எக்கோ மோடும் ஆட்டோ அமைப்பும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இவை புளோயரின் வேகத்தைத் தாமாகவே குறைக்கக்கூடியவை.

பலரைக் குழப்புவது இன்னொரு வகை. கிளம்பி அரைமணி நேரம் நன்றாக வரும் காற்று படிப்படியாக இளைத்து நின்றேபோகும். வண்டியை ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மீண்டும் சரியாகிவிடும். வயரிங் கோளாறு என்று நினைத்துப் புளோயரையே மாற்றியவர்கள் உண்டு. உண்மையில் கூலிங் காயிலின் மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து, தகடுகளுக்கு இடையே காற்று போக வழியில்லாமல் செய்துவிடுகிறது. ஏசி பட்டனை அணைத்து, புளோயரை மட்டும் முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் நிறையச் சொட்டி, காற்றும் திரும்பிவந்தால் சந்தேகமே வேண்டாம். காயிலின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் பழுதாகியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கவும் கூடும். காற்று குறைவதற்குக் கேஸ் காரணமாவது பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான்.

அப்படிக் கேஸ் ஏற்ற வேண்டியிருந்தால், பெட்ரோல் கார் பழக்கத்தில் ஏற்றுவது பெருந்தவறு. மின்சாரக் கம்ப்ரசரின் மோட்டார் கேஸும் எண்ணெயும் ஓடும் இடத்துக்குள்ளேயே சுழல்வதால், மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெயையே பல கார்களில் பயன்படுத்துகிறார்கள். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர்களுக்கான பி.ஏ.ஜி. எண்ணெய், எல்லாக் கார்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் கேஸ் ஏற்றும் மெஷினின் ஹோஸ் வழியாகச் சிறிது கலந்தாலும் மின்காப்பு குறையலாம். மின்கசிவு இருப்பதாகக் கார் எச்சரித்து, இயங்க மறுக்கவும் கூடும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பிரஷர் மீட்டரை மட்டும் பார்த்து ஏற்றுபவரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. உயர் வோல்ட் மின்சாரம் செல்லும் ஆரஞ்சு நிற வயர்களை நாமாகத் தொடவே கூடாது.

நாற்றம் போகட்டும் என்று வென்ட் வழியாக ஃபோம் ஸ்பிரே அடிப்பதிலும் கவனம் தேவை. சில கார்களில் உயர் வோல்ட்டில் இயங்கும் ஹீட்டர் கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காத வரை அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு பக்க வென்ட்டில் மட்டும் காற்று குறைந்து, டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று சத்தமும் கேட்டால், காற்றைத் திருப்பிவிடும் கதவின் சிறிய மோட்டாரில் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு ஃபில்டரையோ கேஸையோ மாற்றிப் பயனில்லை.