படப் புத்தகத்தைப் பாடப் புத்தகம் ஆக்காதீர்கள்

"இது என்ன, சொல்லுங்க?" "யானை!" "சத்தமா!" "யாஆனை!" அடுத்த பக்கம்.

ஒன்றாம் வகுப்பில் விலங்குப் படப் புத்தகங்களை நானும் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, "மிஸ், இது எங்க கோயில் யானை மாதிரி இல்ல, காது ரொம்பப் பெருசு" என்றாள். "எல்லாம் யானைதான், சொல்லு" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. புத்தகத்தில் இருந்தது ஆப்பிரிக்க யானை: தோளை மூடும் காது, பெண்ணுக்கும் தந்தம், தும்பிக்கை நுனியில் இரண்டு விரல். நம் யானைக்கு அங்கே ஒரு விரல்தான், பெண் யானைக்கு நீண்ட தந்தமும் கிடையாது. ஒரு வாரம் பேசியிருக்கலாம். நான் நான்கு நொடியில் மூடிவிட்டேன். பிள்ளை பேசும்போது பக்கத்தைத் திருப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

புத்தகத்தை முதல்முறையாக வகுப்பில்தான் திறப்பது இன்னொன்று. திமிங்கலத்தை மீன்களோடு சேர்த்திருப்பார்கள், சிலந்திக்கு ஆறு கால் வரைந்திருப்பார்கள், ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் என்று போட்டிருப்பார்கள் (இருப்பது கொழுப்பு). முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்தத் தவறே விளையாட்டாகிவிடும்: சிலந்தியின் காலை எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் சுவர் மூலையில் இருப்பதைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எறும்புக்கும் ஒரு பக்கம், யானைக்கும் ஒரு பக்கம் என்றால் இரண்டும் ஒரே அளவு என்றுதான் பிள்ளை நினைக்கும். வளர்ந்த ஆண் யானை தோள் வரை ஏறக்குறைய 9 அடி. வராந்தாவில் அந்த நீளத்துக்குக் கயிறு போட்டு, பக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்தோம். இரண்டரைப் பிள்ளை உயரம்! அந்த அரைப் பிள்ளையாக யார் படுப்பது என்பதில்தான் சண்டை.

மயில் அகவும், குதிரை கனைக்கும் என்று எடுத்தவுடன் மனப்பாடம் செய்ய வைப்பதும் வேண்டாம். தொல்காப்பிய மரபியலே குட்டி, குருளை, கன்று, பறழ் என்று இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்கிறது, அழகான சொற்கள்தான், யார் இல்லை என்றது? முதலில் பிள்ளைகள் கத்திப் பார்க்கட்டும், சொல் பின்னால் வரட்டும். "கோழிக்குட்டி" என்றால் தப்பு என்று நிறுத்தாமல், "ஆமா, கோழிக்குஞ்சு ஓடுது பாரு" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போங்கள், போதும்.

கதைப் புத்தகம் என்றால் முடிவில் நீதி கேட்காதீர்கள். நரி பாவம்.

அப்புறம், கிழிந்துவிடும் என்று புத்தகத்தைப் பீரோவில் பூட்டாதீர்கள். முப்பது பேருக்கு நின்றுகொண்டு காட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. பத்துப் பத்துப் பேராகத் தரையில் உட்கார வைத்து, கையில் கொடுங்கள். கிழியத்தான் செய்யும். எங்கள் வகுப்பு முதலைக்கு இரண்டு முறை வால் ஒட்டியாகிவிட்டது. ஒட்டியது பிள்ளைகள்தான், அதனால் வால் கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்.