பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

கடையநல்லூர், மேலப்பாளையத்திலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும், வள்ளியூர்ப் பக்கமிருந்து மும்பைக்கும் பிழைக்கப் போகிறவர்கள் பிள்ளையை ஆச்சியிடமோ சித்தியிடமோ விட்டுச் செல்வது காலங்காலமாக நடப்பதுதான். ‘சொந்தத்துக்குள்ள எழுத்து எதுக்கு?’ என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உயிர் போகிற அவசரத்தில் ஒப்புதலுக்குக் காத்திராமல் டாக்டர் சிகிச்சை தரச் சட்டம் இடம் தருகிறது. மற்ற நேரங்களில், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் ஆச்சி கையில் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் பெரிய துணை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சிகிச்சையிலும் படிப்பிலும் எதுவரை அவர் முடிவெடுக்கலாம் என்று அதில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை நகல்களையும் சேர்த்து வையுங்கள்.

எழுதாததைவிட மோசம், தப்பாக எழுதுவது. ‘சகல உரிமையும் விட்டுக்கொடுத்தேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதாதீர்கள். தத்துப் பத்திரமோ இன்னும் ஆபத்து. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையாகத் தத்துக் கொடுத்துவிட்டால், பெற்றவர்கள் அதை ரத்து செய்ய முடியாது.

எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. பின்னாளில் தத்துவ அறிஞரான ஜே. கிருஷ்ணமூர்த்தி சிறுவனாக இருந்தபோது, 1910இல் அவருடைய தகப்பனார் நாராயணையா அவரையும் அவருடைய தம்பியையும் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். பிறகு திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தும் 1914இல், அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். ஒப்படைத்த பொறுப்பைத் தகப்பன் திரும்பப் பெறலாம், ஆனால் அது பிள்ளையின் நலனுக்குக் கேடு என்றால் நீதிமன்றம் மறுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றும் பிள்ளையின் நலனே முதலில் பார்க்கப்படும். வருஷக்கணக்கில் போனும் இல்லை, பணமும் இல்லை, கோடை லீவுக்கும் வரவில்லை என்றால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். வங்கி வழியாகவே பணம் அனுப்புங்கள், கணக்கு நிற்கும்.

தகப்பன் கையெழுத்து மட்டும் போதும் என்ற நினைப்பும் தவறு. தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்கும் நிலையில் இல்லாதபோது தாயே இயற்கைக் காப்பாளராகலாம் (சட்டம் தானாகவே ஏற்கும் பொறுப்பாளர்) என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பிள்ளை பெயரில் நிலம் இருந்தால் ஆச்சி அதை விற்க முடியாது. இந்துச் சட்டப்படி பெற்றவர்களுக்கே நீதிமன்ற அனுமதி வேண்டும்.

பிள்ளையிடமும் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். யாரிடம் இருக்க விருப்பம் என்று விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதியே கேட்கலாம். அப்போது அதற்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.