ஏடிஎச்டி இருந்து தூக்கம் வராதவர்களுக்கு: எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

விளக்கை அணைத்ததும் மூளை விழித்துக்கொள்ளும். இரண்டு மணிக்குக் கண் அசரும், காலையில் எழ முடியாது. வருடக்கணக்கில் இப்படித்தான் அல்லாடினேன். என்னை மீட்டது சிபிடி-ஐ, அதாவது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக இதையே தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ளவர்கள் இதில் எங்கே சறுக்குவார்கள் என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது.

முதலில் ஓர் எச்சரிக்கை. வலிப்பு, இருதுருவ மனநிலைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம், குறட்டையோடு மூச்சு நின்று வருவது, இரவில் கால்களை அசைத்தே ஆக வேண்டும் போன்ற தவிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

1. தூக்கக் குறிப்பு

இரண்டு வாரம், தினமும் காலையில்: படுத்தது எப்போது, தூங்கியது சுமாராக எப்போது, இடையில் விழித்திருந்தது எவ்வளவு, எழுந்தது எப்போது. செயலி வேண்டாம், காகிதமே நல்லது. செயலிக்காகக் கைப்பேசியைத் திறந்தால் அரை மணி நேரம் போய்விடும். பல் துலக்கும் இடத்தில் தாளையும் பேனாவையும் வைத்துவிடுங்கள். கண்ணில் படாதது நமக்கு நினைவில் நிற்காது. ஒரு நாள் விட்டுப்போனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு மறுநாள் தொடருங்கள்.

2. எழும் நேரம்

தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரம் இருக்கிறது. விடுமுறை நாளிலும் அதே நேரம்தான். ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உடல் கடிகாரம் பின்தங்கி ஓடும். இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பதே தாமதமாகத் தொடங்கும். அதை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். எழுந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் இருங்கள். அலாரம் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

3. படுக்கை நேரத்தைக் குறைப்பது

உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் வகுத்த முறை இது. எட்டு மணி நேரம் படுத்து ஆறு மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் உங்கள் தூக்கத் திறன், அதாவது படுத்த நேரத்தில் தூங்கிய பங்கு, 75 சதவீதம். இனி ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கை. ஏழு மணிக்கு எழுபவர் ஒரு மணிக்குத்தான் படுக்க வேண்டும். ஒரு வாரச் சராசரி 90-ஐத் தொட்டால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். 85-க்கும் 90-க்கும் இடையில் என்றால் அப்படியே விடுங்கள், அதற்கும் கீழே என்றால் 15 நிமிடம் குறையுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகும், அப்போது வண்டி ஓட்டாதீர்கள்.

4. தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். படுக்கை என்றாலே விழிப்பு என்று மனம் பழகிவிடுகிறது, அதை உடைக்க வேண்டும் என்பது உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்னது. இருபது நிமிடம் போலத் தோன்றினால் எழுந்து, தூக்கம் வந்த பிறகு திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

சரி என்று எழுந்தேன். அலமாரியில் ஒரு தட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று தொடங்கினேன், நிமிர்ந்தபோது மணி நான்கு. அடுத்த நாள் ஒரு சந்தேகத்தை இணையத்தில் தேடப் போய் விடிந்தே விட்டது. ஒன்றில் இறங்கிவிட்டால் நேரம் போவது நமக்குத் தெரியாது. வழிகாட்டிகள் ‘அமைதியாக ஏதாவது செய்யுங்கள்’ என்கின்றன. அந்த ‘ஏதாவது’தான் நமக்குப் பொறி. நள்ளிரவில் நம்மால் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

அதனால் மாலையிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு நாற்காலி, ஒரு மங்கலான விளக்கு, ஏற்கெனவே படித்து முடித்த ஒரு புத்தகம். அவ்வளவுதான். கைகள் சும்மா இருக்க மறுத்தால் துணி மடிக்கலாம், ஆனால் பத்துத் துணி மட்டும் எடுத்து வையுங்கள். முடிவு இல்லாத எந்த வேலையும் வேண்டாம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் எனக்கு முறை வேலை செய்யத் தொடங்கியது.

5. இரவு அலாரம்

படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று, அரை மணி நேரம் முன்னால் இன்னொன்று. முதலாவது அடித்ததும் நாளைய வேலைகளைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் கைப்பேசி வேறு அறைக்குப் போகட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் ஏடிஎச்டி மாத்திரை பற்றிக் கேட்டார்கள். ஊக்கி வகை மருந்து தாமதமாக எடுத்தால் தூக்கத்தைத் தள்ளும். சிலருக்கோ மாலையில் மருந்தின் வேகம் இறங்கும்போதுதான் படபடப்பு வருகிறது. எது உங்களுக்கு என்று தூக்கக் குறிப்பிலேயே தெரியும்; மாத்திரை எடுத்த நேரத்துக்கும் ஒரு பத்தி சேர்த்து, அந்தத் தாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக அளவையோ நேரத்தையோ மாற்றாதீர்கள்.