ஏழு குட்டை, ஒரு நெட்டை: வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கப்பல் மஸ்டர் டிரில்லைச் சமாளிப்பது எப்படி?

சொகுசுக் கப்பலில் ஏறியதும் யாராக இருந்தாலும் செய்தே ஆக வேண்டியது மஸ்டர் டிரில். ஆபத்து வந்தால் எங்கே போய்ச் சேர வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று பழக்கும் ஒத்திகை அது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஊழியர்கள் தாங்களாகவே வழிவிட்டு உதவுவார்கள். ஆட்டிசம், வலிப்பு, மறதி நோய், கடும் பதற்றம், காது மந்தம், நேராக நின்றால் தலைசுற்றும் கோளாறு என்றால் அப்படி நடக்காது. பார்த்தால் நன்றாகத்தான் இருப்பார்கள், அதனால் யாருக்கும் எதுவும் தோன்றாது. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

விலக்குக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய ஏறக்குறைய 700 பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை, மறுநாள் நடத்திக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். கடலில் உயிர் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் அந்தக் காலத்து விதி 24 மணி நேர அவகாசம் கொடுத்தது. 2015 ஜனவரி 1 முதல் கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும். வர மறுப்பவரைக் கரையில் இறக்கிவிடக் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே "வராமல் இருக்கலாமா" என்று கேட்காதீர்கள். "எந்த நேரத்தில், எந்த இடத்தில், எப்படி வந்தால் எங்களுக்குத் தாங்கும்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில் கிடைக்கும்.

இதே சோலாஸில் நமக்குச் சாதகமான விதியும் இருக்கிறது. அவசர நேரத்தில் தனி உதவி வேண்டும் என்று சொன்ன பயணிகளின் விவரத்தைப் பதிவு செய்து, கப்பல் புறப்படும் முன் கேப்டனிடம் சேர்த்துவிட வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கேபின் எண் ஏறுவதுதான் முழு வேலையின் பாதி. நிறுவனத்தின் இணையதளத்தில் சிறப்புத் தேவைக்கான படிவம் இருக்கும். பல நிறுவனங்கள் 30 முதல் 60 நாள் முன்னதாகவே அதை நிரப்பித் தரச் சொல்கின்றன. டிராவல் ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால், அவரிடம் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். தகவல் அவர் மேசையிலேயே தங்கிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. நிறுவனத்துக்கே நேராக அனுப்பி, பதில் மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் அதைக் காட்டி, "எங்கள் கேபின் அவசர உதவிப் பட்டியலில் இருக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் நோயின் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. 'ஆட்டிசம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, கேபின்களைச் சோதிக்க வரும் ஊழியர் என்ன செய்வார்? அலாரம் அடித்தால் என்ன ஆகும், அவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று மூன்றே வரியில் எழுதுங்கள். இப்படி: "பெரிய சத்தம் கேட்டால் எங்கள் 10 வயது மகன் ஒளிந்துகொள்வான், கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டான். கட்டிலுக்கு அடியிலும் குளியலறையிலும் பாருங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், லைஃப் ஜாக்கெட்டைக் காட்டி 'வா' என்று ஒரே சொல் சொன்னால் வருவான்." இந்தளவு விவரம் உயிர் காக்கும். நிறுவனம் கேட்கும் மொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதி அதே வாசகத்தை ஒரு சிறு அட்டையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை நிறத்தில் மஞ்சள் சூரியகாந்தி போட்ட கழுத்துப் பட்டை இப்போது பல கப்பல்களில் தெரிகிறது. வெளியே தெரியாத குறைபாடு இருக்கிறது என்பதைக் காட்ட, 2016-இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய வழக்கம் அது. போட்டுக்கொள்வது நல்லதுதான், ஊழியர் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவார். ஆனால் எல்லாக் கப்பலிலும் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். படிவத்துக்கு அது ஈடாகாது.

வீட்டுப் பழக்கத்தை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். எல்லாக் கப்பலுக்கும் பொதுவான அபாய ஒலி: குறைந்தது ஏழு குறுகிய ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி. 'ஏழு குட்டை, ஒரு நெட்டை' என்று குழந்தையோடு விரல்விட்டு எண்ணிப் பழகுங்கள். பதிவு செய்த ஒலியைக் கைபேசியில் மிகக் குறைவாக வைத்து ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை ஒரு படி ஏற்றுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தம் பாதிப் பயத்தைக் குறைத்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டையும் மறக்காதீர்கள். கழுத்தடியில் முட்டும் தடித்த நுரைக்கட்டையும் வயிற்றில் இறுகும் பட்டையும் தொடு உணர்வு அதிகமுள்ளவருக்குப் பெரும் தொல்லை. தாடை உரசாதபடி காலர் வைத்த மெல்லிய பருத்திச் சட்டை போட்டுக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். அளவு எடையை வைத்து வரும்: 15 கிலோவுக்குக் கீழ் கைக்குழந்தை அளவு, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு. கேபின் அலமாரியில் பெரும்பாலும் பெரியவர் அளவுதான் இருக்கும். சிறுவர் அளவைக் கேபின் பணியாளரிடம் கேட்டு வாங்கி, கூட்டம் இல்லாத கேபினுக்குள்ளேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். சில கப்பல்களில் ஜாக்கெட்டை மஸ்டர் ஸ்டேஷனிலேயே (ஆபத்தில் உங்கள் குழு கூட வேண்டிய இடம்) வைத்திருப்பார்கள், அங்கே போய்க் கேளுங்கள்.

காதுக்கு வருவோம். விதிப்படி அபாய ஒலி பொது இடங்களில் குறைந்தது 80 டெசிபல், கேபினில் படுக்குமிடத்தில் குறைந்தது 75 டெசிபல் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இன்னும் கூடும். காதை மூடும் இயர்மஃப் வகை சுமார் 25 டெசிபல் குறைக்கும். மின்னணு முறையில் இரைச்சலை அடக்கும் ஹெட்போன் விமான இஞ்சின் போன்ற ஒரே சீரான உறுமலுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், திடீரென்று அலறும் ஹாரனுக்கு அவ்வளவு உதவாது. இயர்மஃப் போட்டவருக்கு அறிவிப்பும் சரியாகக் கேட்காது என்பதால், பக்கத்தில் ஒருவர் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும், ஒத்திகை அதற்குள் முடிந்திருக்கும். இயர்மஃப், மருந்து, சூரியகாந்திப் பட்டை, தண்ணீர்ப் புட்டி, விவர அட்டை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருந்து இரண்டு நாளுக்குப் போதுமானதாக, இடுப்பில் கட்டும் சிறு பையில் இருக்கட்டும். உண்மையான ஆபத்து நேரத்தில் கேபினுக்குத் திரும்ப விடமாட்டார்கள்.

ஒத்திகை நாளில் முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2020-க்குப் பின் பல கப்பல்களில் தனித்தனியாக முடிக்கும் முறை வந்துவிட்டது. பாதுகாப்பு வீடியோவைக் கைபேசியிலோ கேபின் டிவியிலோ பார்த்துவிட்டு, மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய்க் கப்பலில் தரும் பயணி அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு வரலாம். நம் ஆட்களுக்கு இது வரப்பிரசாதம். ஏறியவுடன், சாப்பிடப் போகும் முன்பே, முடித்துவிடுங்கள். கெடு நேரத்துக்கு அரை மணி முன்னால் அங்கே திருவிழாக் கூட்டம் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: இந்த முறையிலும் புறப்படும் முன் அபாய ஒலியை ஒருமுறை உண்மையாகவே ஒலிக்க விடும் கப்பல்கள் உண்டு. எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த நேரத்தில் இயர்மஃப்போடு கேபினில் இருங்கள்.

பழைய முறை என்றால் எல்லோரையும் ஒரே நேரத்தில், சில கப்பல்களில் திறந்த தளத்தில் வரிசையாக, நிற்க வைப்பார்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். நின்றால் மயக்கம் வருபவருக்கும், வெயிலில் தளர்ந்துவிடும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவருக்கும், அடிக்கடி கழிப்பறை போக வேண்டியவருக்கும் இது கடினம். நாற்காலி, நிழல், ஓர இடம், கடைசியாக வந்து சேர அனுமதி அல்லது தனியாகச் சிறு விளக்கம், இதில் எது வேண்டும் என்று காலையிலேயே சொல்லுங்கள். மணி அடித்த பின் ஸ்டேஷன் ஊழியரிடம் கெஞ்சினால் அவர் கையில் எதுவும் இருக்காது, அவர் தலை எண்ணிக்கொண்டிருப்பார். காது மந்தமானவர்கள் படுக்கையை அதிரவைத்து விளக்கை மின்னவைக்கும் அலாரக் கருவியை முன்கூட்டியே கேட்கலாம். கூடவே வலிப்பும் இருந்தால் மின்னும் விளக்கு வேண்டாம், அதிர்வு மட்டும் போதும் என்று எழுதுங்கள்.

குடும்பம் இரண்டு கேபினில் தங்கினால் இரண்டு வேறு மஸ்டர் ஸ்டேஷன் விழுந்திருக்கலாம். பயணி அட்டையில் அச்சிட்ட ஸ்டேஷன் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, வேறாக இருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஸ்டேஷன் எழுத்துப் போட்ட கைப்பட்டை பல கப்பல்களில் தருவார்கள். மறதி நோய் உள்ள பெரியவருக்கும் அதையே கேட்டு வாங்கிக் கட்டிவிடலாம்.

முதல் நாளோடு சத்தம் ஓய்ந்தது என்று நினைக்க வேண்டாம். பயணிகள் கப்பலில் ஊழியர்களுக்கு வாராவாரம் தீயணைப்பு, கப்பலைக் கைவிடும் ஒத்திகைகள் நடந்தாக வேண்டும். பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்கும் காலையில், பாதிப் பயணிகள் இறங்கிப் போனபின், அதே ஏழு குட்டை ஒரு நெட்டை ஒலிக்கும். முன்னறிவிப்பு வரும், ஆனால் தூங்கும் குழந்தைக்குக் கேட்காது. நாளும் நேரமும் கெஸ்ட் சர்வீசஸில் கேட்டால் சொல்வார்கள். அன்று முதல் ஆளாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுங்கள்.