பாதுகாப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஆய்வாளருக்கும் குழுத் தலைவருக்கும்

மென்பொருளில் ஓட்டைகளைத் தேடும் சைபர் பாதுகாப்பு ஆய்வுக்கு இப்போதுதான் வந்தவர்களின் அறிக்கைகளைப் படிக்கிறேன். முதன்முறையாகக் குழுத் தலைவர் ஆனவர்களோடும் அடிக்கடி பேசுகிறேன். எங்கள் தலைமுறை செய்து, அதற்கான விலையையும் கொடுத்து முடித்த தவறுகளை இவர்கள் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் சர்வரைத் தொடக்கூடாது, கிடைத்த தரவை இறக்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவி தெரியும், அமைப்பு தெரியாது

வலைத்தளங்களைச் சோதிக்கும் பர்ப் தெரியும், நிரலைப் பிரித்துப் பார்க்கும் கிட்ரா தெரியும், தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸர் ஓட்டத் தெரியும் என்று வருகிறார்கள். ஃபஸ்ஸர், நிரல் நின்றுபோகும் ஒரு கிராஷைக் கொண்டுவந்து போட்டுவிடும், சரி. அந்தக் கிராஷுக்குக் காரணமான நினைவகத்தை எந்த இடத்தில் ஒதுக்கினார்கள், எங்கே விடுவித்தார்கள், விடுவித்த பிறகும் அதை எது தொட்டது என்று சொல்வதற்கு ஆள் வேண்டும்.

2024 மார்ச்சில், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்துக்குள் ஒளித்து வைத்திருந்த பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொழிலால் பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். வேறொரு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவுக்கு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் தோண்டிக்கொண்டே போனார். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த அரை நொடி கண்ணில் பட்டது. ஒரு புரோட்டோகாலையோ ஒரு கோப்பு வடிவத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிரலை வரி வரியாகப் படியுங்கள். அதில் இதுவரை வந்த ஓட்டைகள் ஒவ்வொன்றும் எப்படி அடைக்கப்பட்டன என்று பாருங்கள். வேலைக்கான நேர்காணலில் நான் தேடுவது இந்த ஆழத்தைத்தான்.

எண்ணிக்கையை இலக்காக வைப்பது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான்.

"இந்தக் காலாண்டில் எத்தனை சிவிஇ?" சிவிஇ என்பது ஓர் ஓட்டைக்குக் கொடுக்கும் பொது எண். குழுத் தலைவர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குழுவின் தரம் இறங்கத் தொடங்கும்.

1999-ல் மைட்டர் நிறுவனம் சிவிஇ பட்டியலைத் தொடங்கியது, ஒரே ஓட்டையை எல்லோரும் ஒரே அடையாளத்தால் குறிப்பிட வேண்டும் என்பதற்காக. அது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். ஆய்வின் ஆழத்தை அதால் அளக்க முடியாது. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் பயன்படும் கர்ல் திட்டத்தில் 2019-லேயே சரிசெய்யப்பட்ட ஒரு சாதாரணப் பிழைக்கு, யாரோ வாங்கிய சிவிஇ-2020-19909 என்ற எண் 2023-ல் வெளியானது. அமெரிக்காவின் தேசிய ஓட்டைத் தரவுத்தளம் அதற்கு முதலில் 10-க்கு 9.8 என்று தீவிர மதிப்பெண் போட்டது. கர்ல் தரப்பு கடுமையாக மறுத்த பிறகுதான் அது குறைந்தது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் குழு, தானே சிவிஇ எண் வழங்கும் அமைப்பாக மாறியது. பாதுகாப்போடு தொடர்பு இருக்கக்கூடிய திருத்தங்களுக்கெல்லாம் எண் கொடுக்கத் தொடங்கியதும், கெர்னல் சிவிஇ-க்கள் மளமளவென்று பெருகின. யார் எண் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும் கணக்கை வைத்து ஓர் ஆய்வாளரின் சம்பள உயர்வை முடிவு செய்வது அநியாயம்.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஓர் இளம் ஆய்வாளர் இருந்தார். ஒரு கோப்பு வடிவத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் மாதக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தலைவர் வாராவாரம் கேட்டது எண்ணிக்கையை மட்டும்தான். ஒரு கட்டத்தில் பார்சரை மூடி வைத்துவிட்டு, அதிகம் பேர் பயன்படுத்தாத பிளகின்களில் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்ற வலைப்பக்க ஓட்டைகளைத் தேடப் போய்விட்டார். எண்ணிக்கை ஏறியது, பாராட்டும் வந்தது. அப்புறம் வேறொரு குழு அதே பார்சரில் மிக ஆபத்தான ஓட்டை ஒன்றை வெளியிட்டது. இவர் தன் குறிப்புகளில் சந்தேகம் என்று எழுதி வைத்திருந்த அதே ஃபங்ஷன். சில நாளில் வேலையை விட்டுப் போய்விட்டார். நல்ல மூளை, நல்ல பொறுமை. இரண்டையும் அந்தக் குழு தானே துரத்திவிட்டது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. எண்ணிக்கைக்கு ஓடுகிறவர் அறிக்கை அனுப்பியதும் அடுத்ததற்குப் போய்விடுவார். வந்த பேட்ச், அதாவது திருத்தம், ஓட்டையை உண்மையிலேயே அடைக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 2014 செப்டம்பரில் பாஷ் ஷெல்லின் ஷெல்ஷாக் ஓட்டைக்கு வந்த முதல் பேட்ச் முழுமையானது அல்ல. உடனே அடுத்தடுத்த சிவிஇ எண்கள் தேவைப்பட்டன. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பதிவுகளை எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் 2.15.0 பதிப்பு போதவில்லை, 2.16.0 வந்தது, அதற்கும் பின்னால் 2.17.0. 2022-ன் முதல் பாதியில் தாக்குதல்களில் பயன்பட்டதாகக் கண்டறியப்பட்ட 18 ஜீரோ-டே (பேட்ச் வருவதற்கு முன்பே தாக்கப்படும்) ஓட்டைகளில், குறைந்தது 9 ஏற்கெனவே பேட்ச் செய்யப்பட்டவற்றின் மாற்று வடிவங்கள் என்று கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழு சொன்னது. அதாவது பாதி. மூல காரணத்தை ஒழுங்காகப் பிடித்து, அதே தவறு வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று தேடியிருந்தால் தாக்குபவர்களுக்கு இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. எண்ணிக்கை ஆசை இதற்கு நேர் எதிரான பழக்கத்தையும் வளர்க்கிறது: ஒரே மூல காரணத்தை ஐந்து துண்டாக்கி ஐந்து எண் வாங்குவது. அப்படி வரும் அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

2008-ல் டான் கமின்ஸ்கி கண்டுபிடித்த, இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பின் குறையை நினைத்துப் பாருங்கள். பல நிறுவனங்களை ரகசியமாக ஒருங்கிணைத்து, ஒரே நாளில் பேட்ச் வரவைத்தார்கள். சிவிஇ கணக்கில் அது ஒன்றே ஒன்று.

மேலிடம் எண் கேட்கத்தான் செய்யும். கொடுங்கள். ஆனால் உங்கள் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இந்த மாதம் புதிதாக எதைப் புரிந்துகொண்டோம்? பேட்ச்சை யார் சோதித்தது? இந்த வகைப் பிழை முழுவதும் மறையும்படி எதையாவது மாற்றவைத்தோமா? அடுத்தவர் பயன்படுத்தும்படி இலக்கு நிரலை ஃபஸ்ஸரோடு இணைக்கும் ஒரு ஹார்னஸாவது மிஞ்சியதா?

சுவையான வேலையைத் தலைவரே வைத்துக்கொள்வது

நல்ல கிராஷ் வந்தால் தலைவர் எடுத்துக்கொள்வார். வரிசையில் நிற்கும் அறிக்கைகளைப் பிரித்து வைக்கும் வேலை மற்றவர்களுக்கு. இப்படி நடக்கும் குழுவில் இளையவர்கள், ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டும் எக்ஸ்ப்ளாய்ட் எழுதக் கற்பதே இல்லை. நிரலைத் தொடாமல் இருக்க முடியாது என்றால், குழுவினர் கண்டுபிடித்ததை மறுபடி நிகழ்த்திப் பாருங்கள், பேட்ச்சைச் சோதியுங்கள். கை துருப்பிடிக்காது, யாருடைய வாய்ப்பும் போகாது.

கிடைக்காததை எழுதாமல் விடுவது

மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போவது இந்தத் தொழிலில் இயல்பு. எந்தப் பதிப்பைச் சோதித்தோம், எந்தப் பாதையை ஏன் கைவிட்டோம், நிரலின் எந்தப் பகுதியை ஃபஸ்ஸர் எட்டவே இல்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வருபவர் அதே சுவரில் முட்டிக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்ட பக்கத்தையும் ஒரு கண்டுபிடிப்புக்கு நிகராக மதிப்பிடுங்கள். இல்லையென்றால் யாரும் எழுத மாட்டார்கள்.

வெளியிடும் நாளைச் சொல்லாமல் அறிக்கை அனுப்புவது

மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பும் முதல் மடலிலேயே, ஓட்டையை வெளியே சொல்லப்போகும் நாள் இருக்க வேண்டும். 90 நாள் என்பது பலர் பின்பற்றும் வழக்கம்.

பெயரை விழுங்குவது

கண்டுபிடித்தவர் பெயர்தான் முதலில். மாநாட்டில் பேசுவதும் அவரே.

நல்ல ஆய்வாளரைத் தலைவராக்கியே தீருவது

சம்பளம் உயர வேறு வழி இல்லை என்பதற்காக மட்டும் தலைமைப் பொறுப்பை ஏற்பவர்கள் நிறைய. நிறுவனம் ஒரு நல்ல ஆய்வாளரை இழந்து, மனமில்லாத ஒரு மேலாளரைப் பெறுகிறது. ஆய்வாளராகவே உயரும் பதவிப் படிகள் இருக்கின்றனவா என்று வேலையில் சேரும்போதே கேளுங்கள். தலைமைப் பொறுப்பைக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்துப் பழைய இடத்துக்குச் சம்பளக் குறைப்பு இல்லாமல் திரும்ப முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே தலைவராக இருந்தால், குழுவில் யாருக்கும் அந்தப் பொறுப்பைக் கொடுப்பதற்கு முன்னால் சில வாரம் ஓர் இளையவருக்கு வழிகாட்டச் சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் கண்டுபிடிப்பில் அவருக்கு மகிழ்ச்சி வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.